முட்டுப் பிடிக்கும் வீடு

சண்முகத்தின் கன்னத்தில் விழுந்த அறை, ஃபேக்டரி வாசலில் வரிசை கட்டி நின்ற டிராக்டர்காரர்கள் எல்லார் காதிலும் கேட்டது. மாங்காய் மேல் மொய்த்த ஈயைத் துண்டால் விரட்டிக்கொண்டிருந்தவர்களின் கை அப்படியே நின்றது. டீக்கடையில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, எதையும் பார்க்காதவள்போல் குனிந்துகொண்டாள்.

அவர் பெரிதாக ஒன்றும் சொல்லிவிடவில்லை. "லோடு ஜாஸ்தியா கீது மேஸ்திரி. ரெண்டு நடையா ஏத்திக்கலாமே" என்றார். அவ்வளவுதான்.

"நீ மேஸ்திரியா, நான் மேஸ்திரியா?" என்றான் சிரஞ்சீவி. "ஸ்டீரிங் புடிக்கச் சொன்னா புத்தி சொல்ல வந்துட்டியா? ஏறுய்யா மேல!"

சண்முகம் ஐம்பத்தைந்தைத் தாண்டியவர். சிரஞ்சீவியின் அப்பா கிருஷ்ணப்பாவோடு ஒரே தட்டில் களி தின்று வளர்ந்த ஆள். அப்படிப்பட்டவர் கன்னத்தைத் துண்டால் ஒற்றிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் டிராக்டரில் ஏறி உட்கார்ந்தார். சிரஞ்சீவியின் கூலிக் கூட்டத்தில் இருந்த மற்ற ஆட்கள் தங்கள் கையிலிருந்த பிளாஸ்டிக் கூடைகளைப் பார்த்தபடி நின்றார்கள்.

அந்த அமைதியை மரியாதை என்று நினைத்தான் சிரஞ்சீவி. தன் கூட்டத்தைப் போல் அடங்கிய கூட்டம் நாகலாபுரத்திலிருந்து புத்தூர் வரை எந்த மேஸ்திரியிடமும் இல்லை என்று அவனுக்குப் பெருமை.

அந்தப் பெருமைக்கு ஒரு வேர் உண்டு. கிருஷ்ணப்பாவின் குடும்பம் கைப்பிடி மண்கூடச் சொந்தமில்லாத குடும்பம். அடுத்தவர் மாந்தோப்பில் காவல் இருந்தும், களை பறித்தும், காய் சுமந்தும் பிழைத்தவர்கள். ஒரு கோடையில் தோப்புக்காரரின் பம்ப்செட் பானையில் தண்ணீர் மொண்டு குடித்தார் என்பதற்காக, கிருஷ்ணப்பாவை அந்த வீட்டு ஆள் ஒருவன் எல்லார் முன்னாலும் அறைந்தான். கிருஷ்ணப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தலையைத் தாழ்த்தியபடி அப்படியே நின்றார். பிறகு கூடையைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். பக்கத்தில் நின்று அதைப் பார்த்த மகன் போகவில்லை. நின்ற இடத்திலேயே நின்றான். நம் வீட்டு ஆம்பிளை மேல் இனி எவன் கையும் விழக்கூடாது, விழுந்தால் நம் கைதான் அடுத்தவன் மேல் விழவேண்டும் என்று அன்றைக்கு மனதுக்குள் சொல்லிக்கொண்டான்.

அவன் நினைத்ததில் முதல் பாதி முழுக்கச் சரி. மானத்தோடு நிமிர்ந்து நிற்க விரும்பாதவன் மனிதனே இல்லை. மறு பாதிதான் அந்தக் குடும்பத்தைக் குடை சாய்த்தது.

கிருஷ்ணப்பா பின்னாளில் தானே ஒரு மேஸ்திரியானார். மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் காய் இறக்கும் வேலையைப் பேசிப் பிடித்து, ஆட்களைச் சேர்த்து, ஒரு கூட்டத்தை உண்டாக்கினார். அந்த ஃபேக்டரியில் காய் இறக்கும் மேடை உயரத்தில் இருக்கும். ஏற்றிவந்த டிராக்டர் ஒரு சரிவில் ஏறித்தான் மேடைக்குப் போகவேண்டும். அப்படி ஏறும்போது டிரெய்லருக்குப் பின்னால் ஒரு ஆள், கனமான மரக்கட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு கூடவே நடப்பான். வண்டி பின்வாங்கினால் கட்டையைச் சக்கரத்துக்கு அடியில் செருகி நிறுத்துவது அவன் வேலை. அதற்கு முட்டுப் பிடிப்பது என்று பெயர். அந்த வேலையைக் கிருஷ்ணப்பா கூலியாள் யாரிடமும் கொடுத்ததில்லை. "ஊரான் வீட்டுப் புள்ளைய சக்கரத்துக்குப் பின்னாடி நிறுத்திட்டு நான் முன்னாடி நிக்கறதா?" என்பார். சாகும்வரை தானே முட்டுப் பிடித்தார். அதனாலேயே ஊர் அந்த வீட்டுக்கு முட்டுப் பிடிக்கும் வீடு என்று பெயர் வைத்தது.

சிரஞ்சீவி அந்த வழக்கத்தை விடவில்லை. முட்டுப் பிடிப்பது எங்கள் வீட்டு உரிமை, வேறு எவனும் கட்டையைத் தொடக்கூடாது என்று சண்டை போட்டுக் காத்தான். ஆனால் கட்டையைத் தம்பி கோகுலகிருஷ்ணன் கையில் கொடுத்துவிட்டு, தான் சரிவின் உச்சியில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றான். அப்பா நின்ற இடம் ஆபத்தான இடம். மகன் நின்ற இடம் எல்லாருக்கும் தெரிகிற இடம்.

*

அந்த வாரமே வாசலில் ஒரு ரத்தக்களறி நடந்தது. நாராயணவனம் பக்கத்து மேஸ்திரி முனிரத்தினம் தன் வண்டியை வரிசை தாண்டிக் கொண்டுவந்து சரிவின் அடியில் நிறுத்தினான்.

"வண்டிய பின்னால எடுறா" என்றான் சிரஞ்சீவி.

"இன்னாடா கிருஷ்ணப்பா மவனே, இந்த மேடு உங்க நைனா பேர்ல பட்டாவா?" முனிரத்தினம் பீடியைக் கடித்துக்கொண்டே சிரித்தான். "தம்பிக்காரன பின்னாடி உட்டுட்டு முன்னாடி போஸ் குடுத்துக்கினு நிக்கறே. எலெக்ஷன்ல நிக்கப் போறியா?"

வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புதான் தீ வைத்தது. சிரஞ்சீவி தம்பியின் கையிலிருந்த கட்டையைப் பிடுங்கி ஓங்கி அடித்தான். முனிரத்தினத்தின் மூக்கு உடைந்து, சட்டை மார்பு முழுக்கச் சிவந்தது. கீழே விழுந்தவனை விலாவில் இரண்டு மிதி மிதித்தான். ஃபேக்டரி காவலாளிகள் வந்து இழுத்துப் பிரித்தபோது, முனிரத்தினம் மூக்கைப் பொத்திக்கொண்டு கத்தினான்.

"இந்த மேட்டு மேல உன் வண்டி எப்படி ஏறுதுன்னு நானும் பாக்கறேன்டா!"

அடிபட்டவன் ஆத்திரத்தில் சொன்ன வார்த்தை அது. சிரஞ்சீவி அதைப் பத்திரமாக மனதில் வைத்துக்கொண்டான்.

மறுநாள் காலையில் டிராக்டரை டிரெய்லரோடு பூட்டும்போது, இரண்டையும் பிணைக்கும் இரும்புப் பின்னில் ஒரு விரிசலைச் சண்முகம் பார்த்தார். மற்ற ஆட்களைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"மேஸ்திரிகிட்ட நீயே சொல்லு மாமா" என்றான் ஒருவன்.

"நானா? மொத அறையே இன்னும் ஆறல. வேணுன்னா நீ போய்ச் சொல்லு."

"எனுக்கு இன்னா, பல்லு ஜாஸ்தியா கீதா?"

கடைசியில் யாரும் போகவில்லை. பின்னைச் சுற்றிக் கம்பி கட்டினார்கள். சீசன் முடிகிறவரை தாங்கும் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். சொல்லவேண்டியவனிடம் சொல்லாத ஒரு செய்தி, அன்று முதல் அந்தக் கூட்டத்தோடு சேர்ந்தே வேலைக்கு வந்தது.

வீட்டிலும் அதே கதைதான். சாயங்காலம் அண்ணனும் தம்பியும் சோற்றுக்கு உட்கார்ந்தார்கள். சிரஞ்சீவியின் மனைவி சந்தியா குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"ண்ணா, வண்டி விஷயமா ஒண்ணு..." என்று கோகுலன் ஆரம்பித்தான்.

"துன்னும்போது வேலையப் பத்திப் பேசாதேன்னு எத்தினி வாட்டி சொல்றது?" சிரஞ்சீவியின் கை தட்டின்மேல் ஓங்கி விழுந்தது. குழம்பு சுவரில் தெறித்தது. "முட்டுப் புடிக்கப் பயமா கீதா? அப்படின்னா பொடவ கட்டிக்கினு ஊட்லயே இரு. நம்ம வம்சத்துல எவனும் பயந்ததில்ல."

கோகுலன் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டான். சந்தியா ஈரத்துணி கொண்டுவந்து சுவரைத் துடைத்தாள்.

*

அது நடந்தது ஒரு வியாழக்கிழமை மத்தியானம். வெயில் கொளுத்தியது. அழுகிய காய்களின் புளிப்பு வாடை சாலை வரை வந்தது. விளிம்பு தாண்டிக் குவித்த கிளிமூக்கு மாங்காயோடு டிராக்டர் சரிவில் ஏறியது. சிரஞ்சீவி மேலே நின்றுகொண்டு, "வா, வா, வலிச்சு அமுக்கு" என்று கை காட்டினான். கோகுலன் கட்டையோடு பின்னால் நடந்தான்.

சரிவின் பாதியில் துப்பாக்கி வெடித்தது போல் ஒரு சத்தம். டிராக்டர் மட்டும் முன்னால் எகிறியது. டிரெய்லர் ஒரு கணம் யோசிப்பதுபோல் நின்றது. பிறகு பின்னால் உருண்டது.

தம்பி ஓடியிருக்கலாம். பக்கத்தில் தாவ இடம் இருந்தது. அவன் ஓடவில்லை. குனிந்து கட்டையைச் சக்கரத்தின் அடியில் செருகினான். கட்டை வழுக்கி விலகியது. சக்கரம் அவன் வலது காலின்மேல் முழங்கால் வரை ஏறி, அவனைச் சரிவோரச் சுவரோடு சேர்த்து நசுக்கிவிட்டு நின்றது. மாங்காய்கள் அவன்மேல் மழைபோல் கொட்டின. எல்லா இரைச்சலையும் மீறி அவன் அலறியது மட்டும் தனியாகக் கேட்டது. பச்சைக் காய்களுக்கு இடையிலிருந்து சிவப்பாகக் கசிந்தது.

திருப்பதியில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ராத்திரியே அவன் வலது காலை வெட்டி எடுத்துவிட்டார்கள். உயிர் நிற்குமா என்று டாக்டர்கள் சொல்லவில்லை.

சிரஞ்சீவி அழவில்லை. உடைந்த பின்னின் ஒரு துண்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தான். பொழுது விடிந்ததும் தன் ஆட்களை ஆஸ்பத்திரி வாசலுக்கு வரச்சொன்னான்.

"முனிரத்தினம் வேலை இது. பின்ன அறுத்து வச்சிருக்கான். 'எப்படி ஏறுதுன்னு பாக்கறேன்'னு வாயாலயே சொன்னான் இல்ல?" அவன் கண்கள் இமைக்கவில்லை. "என் தம்பி கால எடுத்தவன நான் முழுசா உடமாட்டேன். கூட வர்றவன் வா. வராதவன் இனி என் மூஞ்சில முழிக்காதே."

அத்தனை பேருக்கும் உண்மை தெரியும். அந்த இடத்தில் ஒரே ஒரு வாய் திறந்திருந்தால் போதும். திறக்கவில்லை. எல்லாரும் வண்டியில் ஏறினார்கள். சண்முகமும் ஏறினார்.

*

முனிரத்தினம் தன் வீட்டு வாசலில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். மூக்கில் இன்னும் பிளாஸ்திரி இருந்தது. இரும்புக் கம்பியோடு சிரஞ்சீவி இறங்கி வருவதைப் பார்த்துப் பக்கெட்டைப் போட்டுவிட்டு, "கோகுலன் எப்படி கீறான்?" என்றுதான் கேட்டான். செய்தி அவனுக்கும் போயிருந்தது.

முதல் அடியில் இடது கை முறிந்தது. எலும்பு முறிந்த சத்தத்தில் மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. இரண்டாவது அடி தோளில். முனிரத்தினம் மண்ணில் உருண்டுகொண்டே, "நான் இன்னாடா பண்ணேன்? எதுக்குடா அடிக்கற?" என்று கதறினான். வீட்டுக்குள்ளிருந்து அவன் மனைவி கமலம்மா தலைவிரி கோலமாக ஓடிவந்து குறுக்கே விழுந்தாள். சிரஞ்சீவி அவளைக் காலால் தள்ளினான். அவள் தண்ணீர்த் தொட்டியின் கல்லில் மோதினாள். நெற்றி பிளந்து ரத்தம் கண்ணில் இறங்கியது.

"அறுத்தது நீதானடா? சொல்லு! சொல்லுடா!"

"எதைடா அறுத்தேன்? சாமி சத்தியமா எனக்குத் தெரியாதுடா!"

சிரஞ்சீவி அடுத்த அடியைத் தலைக்குக் குறி வைத்து ஓங்கினான். அது விழுந்திருந்தால் முனிரத்தினம் அங்கேயே முடிந்திருப்பான். அந்தக் கணத்தில் சண்முகம் ஓடிவந்து முனிரத்தினத்தின்மேல் குப்புற விழுந்தார். கம்பி அவர் முதுகில் இறங்கியது.

"அவன் பண்ல மேஸ்திரி!" மண்ணில் முகம் புதைந்தபடியே கத்தினார் அவர். "பின்னு முன்னாடியே விரிசல் உட்டிருந்தது! நான் பார்த்தேன்! நாங்க எல்லாரும் பார்த்தோம்!"

மறுபடி ஓங்கிய கம்பி காற்றிலேயே நின்றது.

சிரஞ்சீவி திரும்பித் தன் ஆட்களைப் பார்த்தான். சட்டைப் பையிலிருந்த துண்டை எடுத்துப் பார்த்தான். உடைந்த முகப்பில் பாதி புதிதாகப் பளபளத்தது. பாதி துருவேறிக் கறுத்திருந்தது. நேற்று முதல் கையிலேயே வைத்திருந்தும் அவன் கண்ணில் படாத துரு.

"உனக்குத் தெரியுமா?" என்று ஒருவனைக் கேட்டான். அவன் தலையாட்டினான். "உனக்கு?" அவனும் ஆட்டினான். "உனக்கு?"

"ஏன்டா சொல்லல? ஏன்டா பாவிங்களா ஒருத்தனும் சொல்லல?"

கடைசியில் நின்ற ஒருவன் மெதுவாகச் சொன்னான். "சொன்னா அடிப்பே."

சிரஞ்சீவி வெறி பிடித்தவன்போல் கம்பியை ஓங்கிக்கொண்டு அவர்கள்மேல் பாய்ந்தான். யாரும் ஓடவில்லை. யாரும் கையைத் தூக்கித் தடுக்கவும் இல்லை. தலையைத் தாழ்த்திக்கொண்டு, அடி விழட்டும் என்று நின்றார்கள். அந்த நிலையை அவன் இதற்கு முன்னால் ஒரே ஒரு இடத்தில் பார்த்திருக்கிறான். தோப்பில், பம்ப்செட் பக்கத்தில், அவன் அப்பா அப்படித்தான் நின்றார்.

அப்படியானால் கம்பியோடு எதிரில் நிற்கிற தான் யார் என்று அவனுக்கு விளங்கியது. கை தளர்ந்தது.

*

முனிரத்தினத்தையும் கமலம்மாவையும் சண்முகத்தையும் அதே வண்டியில், அதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு வராந்தாவின் இந்தக் கோடியில் அடித்தவன் குடும்பம், அந்தக் கோடியில் அடிபட்டவன் குடும்பம்.

மத்தியானம் கோகுலனுக்கு நினைவு திரும்பியது. போர்வைக்குள் வலப்பக்கம் தட்டையாகக் கிடந்ததை அவன் பார்த்துவிட்டிருந்தான். சிரஞ்சீவி கட்டிலருகே போய் நின்றான்.

"எல்லாருக்கும் தெரிஞ்சிருக்குடா. பின்னு உட்டிருந்தது எல்லா நாய்ங்களுக்கும் தெரியும். ஒருத்தனும் சொல்லல. உன்ன பலி குடுத்துட்டானுங்க."

தம்பி மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்தபடியே சொன்னான்.

"எனக்கும் தெரியும்ணா."

"இன்னாது?"

"கம்பி கட்டினதே நான்தான்." உதடு காய்ந்திருந்ததால் வார்த்தைகள் விட்டுவிட்டு வந்தன. "அன்னிக்கு சோறு துன்னும்போது சொல்லலாம்னு பார்த்தேன். நீ பொடவ கட்டிக்கச் சொன்னே. அதுக்கு மேல எப்படிண்ணா சொல்றது? பின்னாடி நடக்கசொல்ல தினம் சாமிய கும்பிட்டுக்கினே நடந்தேன்."

"ஓடியிருக்கலாமேடா... அது உருண்டு வரசொல்ல ஓடியிருக்கலாமே..."

"நீ மேல இருந்து பார்த்துக்கினு இருந்தியே."

சிரஞ்சீவி வெளியே வந்து சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்தான். சந்தியா கொஞ்சம் தள்ளியே உட்கார்ந்திருந்தாள். கல்யாணமான நாள் முதல் அவள் அந்தத் தூரத்தில்தான் உட்காருகிறாள் என்பதை அவன் அன்றுதான் கவனித்தான்.

"என் தம்பிகூட எங்கிட்ட சொல்லல சந்தியா."

"நான் மட்டும் எல்லாத்தையும் சொல்லிடறேனா மாமா?" அவள் அவன் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள். "உன் வண்டிச் சத்தம் கேட்டா உன் பொண்ணு டிவிய நிறுத்திட்டு உள்ள ஓடிடுவா. எதுக்குன்னு ஒரு நாளும் நீ கேட்டதில்ல. நானும் சொன்னதில்ல. நம்ம ஊட்டுல எல்லாரும் ரொம்ப நாளா பேசாமதான் கீறோம். நீதான் அத நல்ல குடும்பம்னு நெனச்சுக்கினு இருந்தே."

அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அவன் பழக்கம்போல் ஏதாவது செய்திருப்பானோ என்னவோ. தாழ்ந்த குரலில் சொன்ன அந்த வார்த்தைகளை அவனால் தட்டிவிட முடியவில்லை.

*

சாயங்காலம் அவன் தாய்மாமன் ஆஸ்பத்திரிக்கு வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, ஊரில் நாலு பேர் கேட்கிற வார்த்தை. மருமகனைத் தனியாகக் கூப்பிட்டுத் தோளில் கை போட்டார்.

"எல்லாம் பேசிட்டேன்டா. முனிரத்தினம் பைக்குல இருந்து உழுந்துட்டான்னு எழுதிக்குவாங்க. அவன் ஆஸ்பத்திரி செலவ நாம பார்த்துக்கலாம். அவன் சம்சாரமும் பயந்துதான் கீறா, வாயத் தொறக்கமாட்டா. நம்ம ஊட்டு ஆம்பள எவனும் ஸ்டேஷன் படி ஏறினதில்ல. உங்க நைனா சேர்த்து வச்ச பேரு அது. அது போச்சுன்னா திரும்ப வராது."

"வாயத் தொறக்கமாட்டாளா?" என்று கேட்டான் சிரஞ்சீவி.

"தொறக்கமாட்டா. உன்மேல அவ்ளோ பயம்."

சிரஞ்சீவி மாமனின் கையைத் தோளிலிருந்து மெதுவாக எடுத்துவிட்டான். வராந்தாவின் அந்தக் கோடிக்கு நடந்தான். நெற்றிக் கட்டோடு உட்கார்ந்திருந்த கமலம்மா அவனைக் கண்டதும் சுவரோடு ஒடுங்கினாள். கட்டிலில் கிடந்த முனிரத்தினம் நல்ல கையால் முகத்தை மறைத்தான். பக்கத்தில் ஒரு போலீஸ்காரர் நின்றுகொண்டிருந்தார்.

"ஏமய்யா, எவரு கொட்டாரு?" என்று, யார் அடித்தது என முனிரத்தினத்திடம் அவர் தெலுங்கில் கேட்டுக்கொண்டிருந்தார். முனிரத்தினம் வாயைத் திறக்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

"நான்தான் சார்" என்றான் சிரஞ்சீவி. "இவன் ஒரு தப்பும் பண்ல. பண்ணான்னு நானே முடிவு பண்ணிட்டு ஊடு பூந்து அடிச்சேன். அந்த அம்மாவயும் நான்தான் தள்ளினேன். கொன்னுருப்பேன். அந்தப் பெரியவர் குறுக்க உழுந்தாரு, அதனால உயிரோட கீறான்."

போலீஸ்காரர் தமிழுக்கு மாறினார். "யோவ், தெரிஞ்சுதான் பேசறியா? உள்ள போட்டுருவாங்க. உங்க மாமன் வேற மாதிரி சொன்னாரே?"

"தெரிஞ்சுதான் சார் பேசறேன். எழுதிக்கோங்க."

தாய்மாமன் ஓடிவந்தார். "பைத்தியமாடா உனக்கு? குடும்ப மானத்த இப்படி ஆஸ்பத்திரில கொட்டறியே!"

"மானம் இன்னிக்குப் போகல மாமா. வயசானவர நடுரோட்டுல அறஞ்சேனே, அன்னிக்கே போச்சு. எவனும் சொல்லாததால எனக்குத் தெரியல."

கூட்டத்து ஆட்கள் வராந்தா வாசலில் கும்பலாக நின்றிருந்தார்கள். முதுகில் கட்டுப் போட்ட சண்முகம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"சிரஞ்சீவி, ஒண்ணு சொல்லட்டா?" அவர் அவனை மேஸ்திரி என்று கூப்பிடாதது அதுதான் முதல் தடவை.

"சொல்லுங்க."

"நீ தண்டனை முடிஞ்சு வந்தாலும் நான் உனுக்குக் கீழ வேல செய்யமாட்டேன். இவனுங்களயும் போவாதேன்னுதான் சொல்லுவேன். உங்க நைனா நல்ல மனுசன். நீ அவருக்குப் புள்ளையா நடந்துக்கல."

எல்லார் கண்ணும் சிரஞ்சீவியின் வலது கையைப் பார்த்தன. அது பழக்கத்தில் ஒருமுறை இறுகியது. பிறகு விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன.

"சரிங்க" என்றான் அவன். கண்ணில் முட்டிய நீரைத் துடைக்காமலே தன் ஆட்கள் பக்கம் திரும்பினான்.

"கேட்டுக்கோங்கடா. எனக்கு இவரு போட்ட அடி, நான் உங்களுக்கெல்லாம் போட்டத விடப் பெருசு. ஆனா இத்தினி வருஷத்துல எனக்கு நல்லது பண்ண அடி இது ஒண்ணுதான். நாலு பேரு நம்மளப் பார்த்து நடுங்கினா, அதான் ஆம்பளத்தனம், அதான் மேஸ்திரித்தனம்னு நெனச்சுக்கினு இருந்தேன். அந்த நடுக்கம் என் தம்பி கால துன்னுட்டுது. நீ பண்றது தப்புன்னு, பொண்டாட்டியும் தம்பியும் கூலிக்காரனும் பயப்படாம மூஞ்சிக்கு நேரா சொல்ற மாதிரி எவன் நடந்துக்கறானோ, அவன்தான்டா ஆம்பள. அவனுக்குத்தான் நாலு பேர முன்னாடி நின்னு நடத்தற யோக்கியத கீது."

சொல்லிவிட்டு அவன் போலீஸ்காரருக்கு முன்னால் படியிறங்கிப் போனான்.